அடுத்த நிகழ்வுக்கும் வருவோம்

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைச் சொந்தக்காரர் அப்புத்துரை, அவர் மனைவி இராசமலர், மகள் வினோஜா, ட்ரக்டர் ஓட்டும் சுடலைமுத்து, வவுனியாவிலிருந்து மடிகணினியோடு வந்திருந்த லக்ஷன். ஆறாவதாக ஒருவரும் இருக்கவில்லை. தாங்களும் அங்கே நின்றதாகவும் எல்லாவற்றையும் காதால் கேட்டதாகவும் பிற்பாடு பலர் சொன்னார்கள். நின்றவர்கள் ஐந்து பேர்தான்.

முள்ளியவளையில் அப்புத்துரையின் பந்தல் கடையைத் தெரியாதவர் இல்லை. தகரப் பந்தல், பிளாஸ்டிக் கதிரை, சோறு ஆக்கும் கிடாரம், வாசலில் நிறுத்தும் அலங்கார வளைவு என்று, கலியாணம் போன்ற நன்மைக்கும் செத்தவீடு போன்ற தின்மைக்கும் வேண்டியது எல்லாம் அங்கே உண்டு. கடையின் தொலைபேசி, சண்டை முடிந்து சனம் மீளக் குடியேறிய இரண்டாம் வருடம் கம்பி இழுத்துக் கொடுத்த தரைவழி இணைப்பு. அறுநூறு கதிரைகளின் முதுகிலும் அந்த இலக்கம் கறுப்புப் பெயின்ரில் எழுதியிருந்தது.

ஆனால் சனம் கதைப்பதைக் குறைத்து, எழுதி அனுப்பத் தொடங்கிவிட்டது. கதிரை முதுகில் கண்ட இலக்கத்துக்கு, 'நாளைக்கு இருநூறு கதிரை வேணும்' என்று மெசேஜ் போடுவார்கள். தரைவழி இலக்கத்துக்குப் போட்டது ஓரிடத்துக்கும் போய்ச் சேராது. போட்டவர் ஓடர் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பார். ஆவணியில், பெண் பெரியவளான ஒரு சாமத்தியவீட்டில் சனம் வந்து நின்றது, கதிரை வரவில்லை. பெண்ணின் தகப்பன் கடை வாசலுக்கு வந்து, "மூண்டு மெசேஜ் போட்டனான் அண்ணை. நீங்கள் பெரிய ஆள், பதில் போடேல்லை" என்று நாலுபேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அப்புத்துரையால் அதைத் தாங்க முடியவில்லை. சொன்ன நேரத்துக்குச் சாமான் கொடுக்காத குடும்பம் என்று அவர்களை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அதனால்தான் மெசேஜ் செயலிக் கம்பனி ஒன்றில் வேலைசெய்யும் லக்ஷனை வினோஜா வரச்சொன்னாள். கடையின் இலக்கத்தை அந்தக் கம்பனியின் செயலியோடு இணைத்துவிட்டால், அந்த இலக்கத்துக்கு வரும் மெசேஜ் எல்லாம் அவளுடைய போனில் தெரியும். பதிலும் கடை இலக்கத்திலிருந்தே போகும்.

"கோல் எல்லாம் பழையபடி இந்த போனுக்குத்தான் அங்கிள். மெசேஜ் மட்டும் எங்கடை செயலிக்கு வரும்" என்றான் லக்ஷன்.

"நான் உமக்கு எப்ப அங்கிள் ஆனனான்?"

"சொறி ஐயா." லக்ஷன் கதிரையில் நிமிர்ந்து இருந்தான். "இப்ப ஒரு கோல் வரும். மெசின் ஆறு இலக்கம் சொல்லும். அதை நாங்கள் இதிலை அடிச்சால்தான் இது உங்கடை இலக்கம் எண்டு அவை நம்புவினம்."

தொலைபேசி அடித்தது. அப்புத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். "வணக்கம். ஆர் வீட்டிலையிருந்து கதைக்கிறியள்?"

பெண்குரல் ஒன்று ஆங்கிலத்தில் இலக்கங்களைச் சொல்லத் தொடங்கியது.

"பிள்ளை, முதல்லை பேரைச் சொல்லும்."

குரல் மீண்டும் முதல் இலக்கத்திலிருந்து தொடங்கியது. அப்புத்துரை வைத்துவிட்டார்.

"ஆரோ ஒரு பெட்டை. பேர் ஊர் இல்லை, எண்ணிக்கொண்டு நிக்கிறாள்."

சுடலைமுத்து வாசல் பக்கம் திரும்பி நின்று சிரித்தான். "மெசின் எண்டு அந்தத் தம்பி இப்பதானே சொன்னவர்" என்றாள் இராசமலர்.

"மெசினெண்டாலும் ஒரு முறை இருக்கு."

இரண்டாம் தரம் வினோஜா எடுத்து ஆறு இலக்கத்தையும் எழுதினாள். இலக்கம் இணைந்தது. அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள்.

"கதிரை திரும்பி வந்த அடுத்தநாள் காலமை வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லி ஒரு மெசேஜ் தன்பாட்டிலை போகும் ஐயா" என்றான் லக்ஷன். "ஆக்களை ரெண்டாப் பிரிச்சு வைச்சால் நல்லம். நன்மை, தின்மை. ரெண்டுக்கும் வேறை வேறை மெசேஜ் போடலாம்."

"எப்பிடிப் பிரிக்கிறது?"

"பேருக்குப் பக்கத்திலை குறிக்கவேணும். இவருக்கு நன்மை, இவருக்குத் தின்மை எண்டு."

அப்புத்துரையின் முகம் மாறியது. செத்தவீட்டு ஓடரை அவர் தன் கொப்பியில் எழுதும்போது ஊரும், வீட்டுக்காரரின் பெயரும், திகதியும் மட்டுமே இருக்கும். என்ன காரியம் என்று எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். அந்த வெறுமையைப் பார்த்தே வீட்டில் உள்ளவர்கள் விளங்கிக்கொள்வார்கள். உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் கெட்ட சொல்லை எழுதி வைப்பது, அப்புத்துரைக்கு, அந்த வீட்டு வாசலில் செய்வினை எதையோ கொண்டுபோய்ப் புதைப்பதற்குச் சமம்.

"சனத்தின்ரை பேருக்குப் பக்கத்திலை தின்மை எண்டு எழுதி வைக்கிறதோ? இந்தக் கடையிலை அது நடக்காது."

"அப்பா, அது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவை பாக்கமாட்டினம்" என்றாள் வினோஜா.

"அவை பாக்காட்டில்? எழுத்து எழுத்துத்தான்."

"அப்ப ஒரு மெசேஜ்தான் எல்லாருக்கும் போகும்."

"போகட்டும். மரியாதையான வசனமெண்டால் எல்லாருக்கும் பொருந்தும். நான் சொல்லுறன், நீ அடி."

அவர் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். 'எமது சேவையை ஏற்றுக்கொண்டமைக்கு நன்றி. தங்கள் இல்லத்தின் அடுத்த நிகழ்வுக்கும் வருவோம். அப்புத்துரை குடும்பத்தினர், முள்ளியவளை.'

வினோஜாவின் விரல் நின்றது. "அடுத்த நிகழ்வு எண்டு போடத்தான் வேணுமோ?"

"அதிலை என்ன பிழை கண்டனி?"

அவள் தாயைப் பார்த்தாள். இராசமலர் தேத்தண்ணீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வினோஜா அடித்தாள். அப்புத்துரை கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். வசனம் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. கடைசிச் சொல்லுக்குப் பிறகு முற்றுப்புள்ளி விடுபட்டிருந்ததைக் காட்டித் திருத்துவித்தார்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. மெசேஜில் ஓடர் வந்தது, பதில் போனது. கலியாணவீட்டுக்காரர்கள் வழியில் கண்டு, உங்கடை மெசேஜ் வந்தது, மனசுக்குச் சந்தோசம் என்றார்கள். அந்த மூன்று மாதத்திலும் செத்தவீடு இரண்டு நடந்தது. இரண்டுக்கும் கதிரை எடுத்தது கிராமச் சங்கம். மெசேஜ் போனது சங்கச் செயலாளரின் போனுக்கு. அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

மார்கழியில், பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் பரமேஸ்வரன் காலமானார். ஓய்வுபெற்ற அதிபர், அப்புத்துரையோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அந்த வீட்டுக்குப் பந்தல் போட அப்புத்துரை தானே போனார். பரமேஸ்வரனின் மனைவி சிவலட்சுமி அறைக்குள் கிடந்தாள். மூத்த மகள் சிவரூபிதான் எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்கு இளையவன் தர்ஷன், முப்பத்துமூன்று வயது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறவன். அவனை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கொள்ளிக்குடத்தைத் தூக்கினான். பார்த்த எல்லோர் மனதிலும் ஒரே நினைவுதான் ஓடியது. ஒருவரும் வாய்விடவில்லை. அப்புத்துரை கடைக்கு ஆள் அனுப்பி, மாப்பிள்ளை இருக்கிற மெத்தைக் கதிரைகளில் ஒன்றை எடுப்பித்துத் அலங்காரத் துணியைக் கழற்றிவிட்டு அவனை அதில் இருத்தினார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கதிரைகளை ஏற்றப் போனார்கள். செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது யாரும் "வாறன்" என்று சொல்வதில்லை. திரும்பி வருகிறோம் என்ற சொல்லே அந்த வாசலில் ஆகாது. ஏற்றி, கயிற்றைக் கட்டி, பேசாமல் போய்விட வேண்டும். சிவரூபி வாசல் படலை வரை வந்தாள். அப்புத்துரை அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். ட்ரக்டர் ஒழுங்கையால் இறங்கிப் போயிற்று.

அடுத்தநாள் காலை ஒன்பது மணிக்கு, ஒருவரும் கை வைக்காமலே, மெசேஜ் போனது.

ஒன்பது பத்துக்கு வினோஜாவின் போனில் பதில் வந்தது. சிவரூபியின் இலக்கம். அனுப்பியது அவள் இல்லை. அவள் கிணற்றடியில் நின்ற நேரம் போன் தம்பியின் கையில் இருந்திருக்கிறது.

'அடுத்தது நான்தான் மாமா. திகதி தெரிஞ்சதும் சொல்லுறன். தர்ஷன்.'

அதற்குக் கீழே கடையின் பெயரில் செயலி உடனேயே பதில் போட்டிருந்தது. 'தங்கள் செய்தி கிடைத்தது. விரைவில் தொடர்புகொள்வோம்.'

வினோஜா போனைக் கொண்டுபோய்த் தகப்பனின் முன்னால் வைத்தாள். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"உடனை போவம் அப்பா. இப்பவே போய்ச் சொல்லுவம்."

"என்னெண்டு சொல்லுறது?"

"பிழை விட்டிட்டம் எண்டு சொல்லுறது."

அப்புத்துரை சேர்ட்டைப் போட்டார். படலை வரை போனார். அங்கே நின்று ஒழுங்கையைப் பார்த்தார். எழுபத்தொரு வயதில் ஒரு வீட்டு முற்றத்தில் போய் நின்று பிழை என்று சொன்னது அவருக்கு நினைவில் இல்லை. எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. திரும்பி வந்து சேர்ட்டைக் கழற்றினார்.

"செத்தவீட்டுத் துடக்கு கழியட்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போகேக்கை சொல்லுவம்."

அன்றே வினோஜா அந்தத் தானியங்கி மெசேஜ் எல்லாவற்றையும் நிறுத்தினாள். நிறுத்தி என்ன, போனது போனதுதான். சிவரூபி தன் போனை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் மூன்று பேர் அப்புத்துரையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன அண்ணை, செத்தவீட்டுக்கு உப்பிடி ஒரு மெசேஜ் போனதாம்?"

அவர் சால்வையைத் தோளில் சரிசெய்தார். "உது பிள்ளை தெரியாமல் செய்திட்டுது" என்றார்.

அப்படிச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவர் கோயிலுக்குப் போகவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. சொன்னதும் உடம்பு லேசானது போலிருந்தது. கேட்டவர்களும், "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு என்ன தெரியும்" என்று விலகிப் போனார்கள். கோயில் பந்தலுக்குக் கம்பம் இறக்க வந்திருந்த சுடலைமுத்து இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். திரும்பி வரும்போது ட்ரக்டரின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினான்.

"வசனம் நீங்கள் சொன்னதெல்லே ஐயா?"

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"நான் ரோட்டைத்தான் பாக்கிறன். பிள்ளை அப்பவே கேட்டவா, அப்பிடிப் போடத்தான் வேணுமோ எண்டு. நானும் நிண்டனான்."

"சுடலைமுத்து, உன்ரை பேரை வைச்சுக்கொண்டு நீ எனக்குச் செத்தவீட்டு முறை படிப்பிக்க வேண்டாம்."

சுடலைமுத்து அதற்கும் சிரிக்கிறவன்தான். அன்று சிரிக்கவில்லை.

கதை நடந்து நடந்து கொழுத்தது. ஒரு கிழமையில், அப்புத்துரையின்ரை பெட்டை சாவுக்கு முன்கூட்டியே ஓடர் கேட்டவள் என்றானது. அதற்கடுத்த கிழமை, நோய்வாய்ப்பட்ட வருத்தக்காரர் இருக்கிற வீடுகளின் பட்டியல் அவளுடைய போனில் இருக்கிறதாம் என்றானது. கூட்டுறவுச் சங்கக்கடையில் இராசமலர் போய் நின்றால் கதை நின்றது. ஓமந்தையிலிருந்து வினோஜாவுக்கு வந்த சம்பந்தப் பேச்சு, நாள் பார்ப்பதுவரை வந்தது, அதற்குமேல் சத்தமில்லை. இராசமலர் இரண்டு முறை போன் எடுத்தாள். இரண்டு முறையும், நாங்கள் எடுக்கிறம் அக்கா என்றார்கள்.

தகப்பன் கோயிலில் சொன்னதை வினோஜா அறிந்திருந்தாள். அவள் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று அப்புத்துரைக்குப் பலமுறை தோன்றியது. கேட்டால் அதட்டியாவது பதில் சொல்லலாம். அவள் வழமைபோல் காலையில் கடை திறந்தாள், ஓடர் எழுதினாள், சாப்பாடு போட்டுக் கொடுத்தாள்.

தையில் அந்தியேட்டி. அப்புத்துரை போனார். பந்தியில் இருந்தவருக்கு எதிரே தர்ஷன் அந்த வீட்டுக் கதிரை ஒன்றில் சாய்ந்திருந்தான். கையில் ஊசி ஏற்றிய இடம் தடித்து நின்றது.

"மாமா, திகதி இன்னும் வரேல்லை" என்றான்.

அப்புத்துரை பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார்.

"கோவமில்லை மாமா. நான் சிரிச்சனான். அக்காதான் அழுதவா." அவன் குரலைத் தாழ்த்தினான். "வினோஜா எண்டு சனம் கதைக்குது. எனக்கெண்டால் அந்தத் தமிழைப் பாக்க உங்கடை மாதிரிக் கிடந்தது."

இதுதான் இடம். பந்தியில் இரண்டு பக்கமும் காது கொடுத்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். ஓம் தம்பி, அது நான்தான் என்றால் முடிந்துவிடும். அப்புத்துரை வாயைத் திறந்தார்.

"சாப்பிட்டனீரோ தம்பி? நேரத்துக்குச் சாப்பிடவேணும்" என்றார்.

"உப்பில்லாமல் என்னத்தைச் சாப்பிடுறது மாமா" என்றுவிட்டுத் தர்ஷன் மற்றப் பக்கம் திரும்பினான்.

மாசி பிறந்து ஒன்பதாம் நாள் தர்ஷன் இறந்தான்.

கடைத் தொலைபேசி அடிக்கவில்லை. அப்புத்துரை காலை முழுவதும் அதற்குப் பக்கத்தில் இருந்தார். பத்து மணிபோல சுடலைமுத்து வந்து, முல்லைத்தீவிலிருந்து ஒரு லொறி சிவப்புக் கதிரைகளோடு தண்ணீரூற்றுப் பக்கம் போவதைக் கண்டதாகச் சொன்னான். அப்புத்துரை வேட்டி உடுத்துச் சால்வை போட்டார். இராசமலர் மகளைப் பார்த்து, நீ வரவேண்டாம் பிள்ளை என்றாள். வினோஜா ஏற்கனவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள்.

முற்றத்தில் சிவப்புக் கதிரைகள் வரிசை குலைந்து கிடந்தன. பந்தல் ஒரு பக்கம் தாழ்ந்து, வெயில் பெண்கள் இருந்த பக்கத்தில் அப்படியே விழுந்தது. அப்புத்துரையின் கண் முதலில் அதைத்தான் கண்டது. ஆண்கள் பக்கம் போய் ஒரு கதிரையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறிடம் போகவில்லை. ஆனால் கதைக்கவும் இல்லை.

வினோஜா உள்ளே போய்ப் பிரேதத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தபோது சிவரூபி அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். பெண்களின் ஒப்பாரி ஒருகணம் தளர்ந்த நேரம். சிவரூபி கத்தவில்லை. அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. அதனால் முற்றம் முழுவதும் காது கொடுத்தது.

"நீர்தானோ அதை எழுதினனீர்?"

வினோஜா தகப்பனைப் பார்த்தாள். பத்தடி தூரம்கூட இல்லை. அப்புத்துரைக்கு எழும்பவேண்டும் என்றிருந்தது. கால்களை ஊன்றினார். வசனம் மனதில் ஆயத்தமாக இருந்தது, பிள்ளை இல்லை, நான்தான் சொன்னனான் என்று. ஊர் முழுவதும் அவரைப் பார்த்தது. இத்தனை வருடமாக மரியாதையோடு பார்த்த அதே கண்கள். அவர் குனிந்து, முன்னால் இருந்த சிவப்புக் கதிரையின் முதுகில் எழுதியிருந்த வேறொருவருடைய இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அக்கா. நான்தான்" என்றாள் வினோஜா.

சிவரூபி தலையை அசைத்தாள். அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "போம்" என்று மட்டும் சொன்னாள். வினோஜா படலையைத் தாண்டிப் போனாள். இராசமலர் பின்னால் ஓடினாள். அப்புத்துரை பிரேதம் எடுக்கும்வரை இருந்தார். சுடலை வரை நடந்தார். அவர் செய்யவேண்டியதில் ஒன்றைக்கூட விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வினோஜா தலை முழுகிவிட்டு முற்றத்தில் நின்றாள். இராசமலர் குசினி வாசலில் இருந்தாள்.

"நீங்கள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்" என்றாள் இராசமலர். முப்பது வருடத்தில் அவள் அந்தக் குரலில் அவரிடம் கதைத்ததில்லை.

"அந்த இடத்திலை எப்பிடி?"

"எந்த இடத்திலை சொல்லுவியள்? கோயிலிலையும் சொல்லேல்லை, அந்தியேட்டியிலையும் சொல்லேல்லை."

"அம்மா, விடுங்கோ" என்றாள் வினோஜா. அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் உங்களுக்காகச் சொன்னனான் எண்டு நினைக்கவேண்டாம். அவா கேட்ட நேரம் ஆராவது ஒராள் ஓம் எண்டு சொல்லவேணும். அதுக்குத்தான் சொன்னனான்."

"கொஞ்சநாளையிலை சனம் மறந்திடும் பிள்ளை."

"மறக்கட்டும். நான் வவுனியாவிலை வேலை ஒண்டுக்குக் கேட்டிருக்கிறன். பதில் வந்திட்டுது."

"ஆரைக் கேட்டுக் கேட்டனி?" என்று அவர் வாயில் வந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. சாமி அறைக்குள் போய், விளக்கைக் கொளுத்தாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு வெளியே வந்து, "தர்ஷன்ரை அந்தியேட்டி முடிய நான் சிவரூபியிட்டைப் போறன்" என்றார். பங்குனியில் ஒருநாள் அவர் போகத்தான் செய்தார். வீடு பூட்டியிருந்தது. சிவலட்சுமியைக் கூட்டிக்கொண்டு சிவரூபி இடம் மாறிப் போய்விட்டாள் என்று பக்கத்து வளவில் சொன்னார்கள். எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

வினோஜா போனது அதற்கு முன்னம், மாசி கடைசியில். செயலியை எப்படிப் பார்ப்பது என்று தாய்க்கு இரண்டு நாள் காட்டிக் கொடுத்தாள். அவள் புறப்பட்ட அன்று அப்புத்துரை ஒரு கலியாணவீட்டுக்குப் பந்தல் போட விடியவே ஒட்டுசுட்டான் பக்கம் போய்விட்டார். போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை. சுடலைமுத்து தனியாகச் செய்யக்கூடிய வேலை. மத்தியானம் திரும்பி வந்தபோது மேசையில் ஓடர் கொப்பி மூடியிருந்தது.

வினோஜா அந்த லக்ஷனோடு ஓடிப்போனாள் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அது பொய். லக்ஷனை அவள் அந்த ஒருநாளுக்குப் பிறகு காணவே இல்லை. அவள் தனியாகத்தான் போனாள், காலை எட்டரை பஸ்சில்.